வாளை உறையிலிட்ட பின்: மெய்ஜிக்கால ஜப்பானில் முன்னாள் கொலைவாளரின் அமைதித் தேடல்

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானில் தொக்குகாவா ஷோகுன் ஆட்சி சரிந்த காலத்தில் அரசியல் கொலைகளைச் செய்த சாமுராய்கள் ‘ஹிதோகிரி’ என்னும் பெயரால் அறியப்படுகின்றனர். அவர்களுடைய வாள்கள் வழிவகுத்த புதிய அரசு 1868இல் அமைந்தது. அவ்வரசின் கீழ் அவர்களுக்கு நேர்ந்தவற்றையும், அவர்களுள் ஒருவரை மாதிரியாகக் கொண்டு எழுந்த ‘ருரோனி கென்ஷின்’ என்னும் படக்கதை அதே காலத்தைக் கற்பனை செய்துள்ள முறையையும் இக்கட்டுரை ஒப்பிட்டு விளக்குகிறது. மெய்ஜி அரசு பழிவாங்கும் உரிமையைக் கொல்லப்பட்டோரின் குடும்பத்தாரிடமிருந்து நீக்கியது. ஆயினும் 1868க்கு முந்தைய கொலைகளைத் தானும் விசாரிக்க முன்வரவில்லை. இந்த வெற்றிடத்தையே படக்கதை தன் களமாகக் கொள்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: ஹிதோகிரி, மெய்ஜி மறுசீரமைப்பு, வாள் தடை ஆணை, பழிவாங்கல் தடை, கவகாமி கென்சாய், உசுய் ரொகுரோ, ருரோனி கென்ஷின்.

முன்னுரை

ஆட்சி மாற்றங்களின் வரலாறு பெரும்பாலும் தலைவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. தலைவர்களின் விருப்பத்தை இரவில் தெருவில் நிறைவேற்றியவர்கள் அவ்வரலாற்றில் ஓரிரு வரிகளில் தோன்றி மறைகின்றனர். வெற்றிக்குப் பின் அவர்கள் எங்குச் சென்றனர், எவ்வாறு வாழ்ந்தனர், தாம் செய்தவற்றுக்கு யாரிடம் விடை கூறினர் என்பன அரிதாகவே கேட்கப்படும் வினாக்கள். ஜப்பானின் மெய்ஜி மறுசீரமைப்பு இவ்வினாக்களை எழுப்புவதற்கு ஏற்ற களமாகும். பதினைந்தே ஆண்டுகளில் ஒரு பழைய ஆட்சி அங்கு வீழ்ந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் சாமுராய் என்னும் வகுப்பே சட்டத்தால் கரைக்கப்பட்டது. நேற்று வாளால் மதிப்புப் பெற்றவர் இன்று வாள் அணிந்தால் குற்றவாளி ஆனார்.

இக்காலத்தைப் பின்னணியாகக் கொண்ட படைப்புகளுள் உலகெங்கும் பரவலாக அறியப்பட்டது வாட்சுகி நொபுஹிரோவின் ‘ருரோனி கென்ஷின்’. 1994 முதல் 1999 வரை ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் தொடராக வெளிவந்து 28 தொகுதிகளாக நூலுருப் பெற்ற மாங்கா இது. கொலைவாளராக இருந்த ஹிமுரா கென்ஷின், இனி எவரையும் கொல்வதில்லை என்னும் உறுதியோடு பத்தாண்டுகள் நாடோடியாய்த் திரிந்து, 1878இல் தோக்கியோவை அடைவதில் கதை தொடங்குகிறது. கென்ஷினுக்கு மாதிரியாக அமைந்தவர் கவகாமி கென்சாய் என்னும் வரலாற்று மாந்தர் என்பதை வாட்சுகியே கூறியுள்ளார். மாதிரியின் முடிவுக்கும் கதைமாந்தரின் முடிவுக்கும் இடையே உள்ள தொலைவே இவ்வாய்வின் தொடக்கப்புள்ளி. ஜப்பானியப் பெயர்கள் இங்குக் குடும்பப்பெயர் முன்வரும் மரபில் தரப்படுகின்றன.

கொலைவாளர் உருவான சூழல்

1853இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெரியின் கப்பல்கள் எதோ விரிகுடாவில் நுழைந்தன. 1858இல் ஷோகுனின் தலைமை அமைச்சர் ஈ நவோசுகே பேரரசரின் ஒப்புதல் பெறாமலே அமெரிக்காவுடன் வணிக உடன்படிக்கை செய்துகொண்டார். எதிர்த்தோர் சிறையிடப்பட்டனர், சிலர் கொல்லப்பட்டனர். 1860 மார்ச்சில் எதோ கோட்டையின் சகுராதா வாயிலுக்கு வெளியே ஈ நவோசுகே வெட்டிக் கொல்லப்பட்டார். ஷோகுன் அரசின் உச்சியில் இருந்தவரையே சில வாள்களால் வீழ்த்த முடியும் என்பதை நாடு அன்று கண்டது.

1862 முதல் பேரரசரின் இருப்பிடமான கியோத்தோ கொலைக்களமாயிற்று. ‘பேரரசரைப் போற்று, அயலாரை விரட்டு’ என்பது அக்கொலையாளிகளின் முழக்கம். அவர்கள் தம் செயலைத் ‘தென்ச்சூ’, அதாவது வானின் தண்டனை, என்று அழைத்தனர். ஈ நவோசுகேயின் அடக்குமுறைக்குத் துணைநின்ற ஷிமாதா சகோன் அவ்வாண்டில் கொல்லப்பட்டார். அவருடைய தலை கமோ ஆற்றங்கரையில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. கொலை இங்கு அறிவிப்புப் பலகையாகவும் செயல்பட்டது.

பிற்காலத்தார் இக்கொலையாளிகளுள் நால்வரைத் தனித்துக் குறிப்பர். சத்சுமாவைச் சேர்ந்த தனகா ஷின்பே, தோசாவின் ஒகாதா இசோ, குமமோத்தோவின் கவகாமி கென்சாய், சத்சுமாவின் நகமுரா ஹன்ஜிரோ ஆகியோர் அந்நால்வர். இறுதியில் கூறப்பட்டவர் பின்னர்க் கிரினோ தொஷியாக்கி எனப் பெயர் மாற்றிக்கொண்டார். ‘ஹிதோ’ என்பது ஆள். ‘கிரி’ என்பது வெட்டுதல். ‘ஆள்வெட்டி’ எனத் தமிழில் இச்சொல்லைப் பெயர்க்கலாம்.

நால்வருள் இருவர் புதிய ஆட்சியைக் காணவில்லை. அரசவைப் பிரபு அனெகாகோஜி கிந்தோமோவின் கொலையில் ஐயத்துக்குள்ளான தனகா 1863இல் காவலில் இருந்தபோது தற்கொலை செய்துகொண்டார். ஒகாதா இசோவின் முடிவு இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. அவரை ஏவியவர் தோசாப் பேரரசர் ஆதரவுக் கட்சியின் தலைவர் தகேச்சி ஹன்பேதா. 1865இல் இருவரையும் தோசாச் சிற்றரசு ஒரே நாளில் தண்டித்தது. தகேச்சிக்கு வயிற்றைக் கிழித்து உயிர்விடும் மதிப்பார்ந்த சாவு வழங்கப்பட்டது. தாழ்ந்த படிநிலையில் இருந்த இசோவின் தலை வெட்டப்பட்டுப் பொதுவிடத்தில் வைக்கப்பட்டது. 1891இல் மெய்ஜி அரசு தகேச்சிக்கு இறப்புக்குப் பிந்தைய அரசவைப் பட்டம் அளித்தது. ஏவியவருக்கும் ஏவப்பட்டவருக்கும் இடையிலான இவ்வேறுபாடு, கொலைவாளரின் அமைதி பற்றிய எந்த உரையாடலிலும் மறக்கப்படக் கூடாத ஒன்று.

கவகாமி கென்சாய்: அமைதி கிட்டாத மாதிரி

1834இல் பிறந்த கென்சாய் குமமோத்தோச் சிற்றரசில் தேநீர்ப் பணிவிடை செய்பவராக வாழ்வைத் தொடங்கியவர். சிறிய உடலமைப்பு உடையவர். கல்வியில் ஹயாஷி ஓயென் என்னும் அறிஞரின் மாணவர். ஷிந்தோ நெறியிலும் அயலார் வெறுப்பிலும் ஊறிய பள்ளி அது. அரசியலில் மியபே தெய்சோவின் வழியைப் பின்பற்றினார். 1864 ஜூலையில் கியோத்தோவின் இகேதாயா விடுதியில் ஷோகுன் சார்புப் படையான ஷின்சென்குமி நடத்திய திடீர்த் தாக்குதலில் மியபே உயிரிழந்தார். அடுத்த மாதம், பட்டப்பகலில், குதிரைமீது சென்ற சகுமா ஷோசானைக் கென்சாய் வெட்டிக் கொன்றார்.

ஷோசான் டச்சு நூல்களின் வழி மேலைப் பீரங்கியியலைக் கற்றவர். காத்சு கைஷூவுக்கும் யோஷிதா ஷோயினுக்கும் ஆசிரியர். கீழை அறத்தோடு மேலைத் தொழில்நுட்பத்தை இணைக்க வேண்டும், துறைமுகங்களைத் திறக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அதற்காகவே அவர் கொல்லப்பட்டார். நான்கே ஆண்டுகளில் அமைந்த புதிய அரசு, ஷோசான் காட்டிய வழியையே தன் வழியாக்கிக்கொண்டது. எனவே கென்சாயின் வாள் வெற்றி பெற்ற அணிக்காக வெட்டியது. ஆயின், அந்த அணி பின்னர் ஏற்ற கருத்தையே வெட்டியது. ஷோசானைக் கொன்ற பின் கென்சாய் கொலைத்தொழிலைக் கைவிட்டார் என்று மரபுவழிச் செய்தி கூறுகிறது.

வாளைக் கைவிட்டாலும் கொள்கையை அவர் கைவிடவில்லை. அயலாரை விரட்டுவதாகச் சொல்லி ஆட்சிக்கு வந்தோர் அயலாருடன் உறவு கொண்டாடியதை அவர் ஏற்க மறுத்தார். பெயரை மாற்றிக்கொண்டு குமமோத்தோவின் துறைமுகமான த்சுருசாகியில் பணியாற்றியபோது, அரசுக்கு எதிராகக் கிளர்ந்து தப்பிவந்த சோஷூ வீரர்களுக்குப் புகலிடம் தந்தார். 1872 ஜனவரியில் தோக்கியோவில் அவருக்குத் தலைவெட்டுத் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

இத்தண்டனையைச் செய்த குற்றத்துக்குக் காலம் தாழ்ந்து வந்த நீதி எனக் கருதுதல் பொருந்தாது. ஷோசானின் கொலைக்காக அவர் தண்டிக்கப்படவில்லை. புதிய அரசுக்கு இடையூறாக இருந்ததற்காகவே தண்டிக்கப்பட்டார். 1869இல் அறிஞர் யோகோய் ஷோனான் கொல்லப்பட்டபோது அரசு கொலையாளிகளைப் பிடித்து 1870இல் மரண தண்டனை விதித்தது என்பதையும் இங்கு ஒப்புநோக்க வேண்டும். ஷோசானும் ஷோனானும் ஏறத்தாழ ஒரே வகைக் கருத்துக்காக, ஒரே நகரில், ஒரே வகையினரால் கொல்லப்பட்டவர்கள். 1868க்கு முன் நிகழ்ந்த கொலை நாட்டுப்பற்றாகவும், பின் நிகழ்ந்த கொலை குற்றமாகவும் கொள்ளப்பட்டன. இரண்டையும் பிரித்தது ஆட்சி மாறிய ஆண்டு மட்டுமே.

வாளைப் பறித்த அரசும் வாளை வேண்டிய அரசும்

புதிய அரசு சாமுராய் வகுப்பைப் படிப்படியாகக் கரைத்தது. 1871இல் சிற்றரசுகள் ஒழிக்கப்பட்டு மாவட்டங்களாயின. 1873இல் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் உழவரின் மகனையும் வணிகரின் மகனையும் படைவீரர் ஆக்கியது. அரசு வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை விழுங்கிய சாமுராய் ஊதியங்கள் 1876இல் கடன்பத்திரங்களாக மாற்றப்பட்டன. அதே ஆண்டு மார்ச் 28இல் வாள் தடை ஆணை வெளியானது. படையினர், காவல்துறையினர், விழாக்கால உடை அணிந்த அலுவலர் தவிர வேறெவரும் பொதுவிடத்தில் வாள் அணியக் கூடாது என்றது அவ்வாணை.

எதிர்ப்பு உடனே எழுந்தது. 1876 அக்டோபரில் குமமோத்தோவில் இருநூறுக்கும் குறைவான ‘ஷின்புரென்’ அமைப்பினர் துப்பாக்கியைத் தொட மறுத்து, வாளும் ஈட்டியும் ஏந்தி அரசுப் படைமுகாமைத் தாக்கி அழிந்தனர். அவர்கள் ஹயாஷி ஓயெனின் மாணாக்கர் வழியினர். கென்சாய் உயிரோடு இருந்திருப்பின் நின்றிருக்கக்கூடிய அணி எது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

1877இல் சைகோ தகமோரியின் தலைமையில் சத்சுமா கிளர்ச்சி வெடித்தபோது நிலைமை விந்தையான திருப்பத்தைக் கண்டது. தபாருசாகா மேட்டில் சத்சுமா வீரரின் வாள்வீச்சுக்கு முன் உழவர் மக்களால் ஆன அரசுப்படை தடுமாறியது. அரசு காவலர்களிலிருந்து வாள்வல்லார் சுமார் நூறு பேரைத் தேர்ந்து ‘பத்தோதாய்’ என்னும் வாட்படையை அமைத்தது. முந்தைய ஆண்டு சட்டத்தால் ஒழித்த வாளை அரசு மீண்டும் கையிலெடுத்தது. போருக்குப் பின் காவல்துறைத் தலைவர் கவாஜி தொஷியோஷி காவலர்க்கு வாட்பயிற்சி வேண்டும் என வாதிட்டார். 1879 முதல் காவல்துறையில் வாட்பயிற்சி புத்துயிர் பெற்றது. எனவே வாள் தடை ஆணையை வன்முறையின் முடிவாகக் கருதுதல் தவறு. வாள் எவர் கையில் இருக்கலாம் என்பதை முடிவு செய்யும் உரிமை அரசுக்கு மட்டும் உரியது என்னும் அறிவிப்பே அது.

எஞ்சியோர் சென்ற வழிகள்

இச்சூழலில் உயிர்பிழைத்த வாள்வீரர் சென்ற வழிகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது பதவியின் வழி. கிரினோ தொஷியாக்கி 1867இல் அகமாத்சு கொசபுரோவைக் கொன்றார். அகமாத்சு, சத்சுமா வீரர்க்கு ஆங்கிலேயப் படைப்பயிற்சி அளித்த ஆசிரியர். தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் வேண்டும் என அவ்வாண்டிலேயே முன்மொழிந்தவர். அவரை ஒற்றர் என ஐயுற்று நிகழ்ந்த அக்கொலையைக் கிரினோவின் நாட்குறிப்பே பதிவு செய்துள்ளது. அதே கிரினோ 1871இல் மேலைமுறைப் படையின் மேஜர் ஜெனரல் ஆனார். 1873இல் சைகோவுடன் பதவி விலகினார். 1877 செப்டம்பர் 24இல் ஷிரோயாமாக் குன்றில் சைகோவின் இறுதிப் போரில் மாண்டார். பதவி அவருக்கு மதிப்பைத் தந்தது, அமைதியைத் தரவில்லை.

இரண்டாவது மௌனத்தின் வழி. சைத்தோ ஹஜிமே ஷோகுன் சார்புடைய ஷின்சென்குமியின் மூன்றாம் பிரிவுத் தலைவர். அப்படை கொலைவாளரை வேட்டையாடியது. தானும் மறைவில் கொலைகளைச் செய்தது. தோல்விக்குப் பின் ஐசு மக்களுடன் வடக்கே இடம்பெயர்ந்த சைத்தோ, ஃபுஜிதா கோரோ என்னும் பெயருடன் தோக்கியோவில் காவலர் ஆனார். சத்சுமா கிளர்ச்சியில் அரசின் சார்பில் பூங்கோ முனையில் போரிட்டார். ஓய்வுக்குப் பின் தோக்கியோ உயர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியைச் சார்ந்த அருங்காட்சியகத்தில் காவற்பணி செய்தார், 1915இல் இறந்தார். தம் கடந்தகாலம் பற்றி நினைவுக்குறிப்பு எதையும் அவர் வெளியிடவில்லை.

மூன்றாவது நினைவின் வழி. அதே படையின் இரண்டாம் பிரிவுத் தலைவர் நாககுரா ஷின்பாச்சி 1876இல் தோக்கியோவின் இதாபாஷியில் தம் தலைவர்களுக்கு நினைவுக்கல் நிறுவினார். ஹொக்கைதோவின் கபாத்தோ சிறைச்சாலையில் காவலர்க்கு வாட்பயிற்சி அளித்தார். 1913இல் ஒதாரு நகர நாளிதழில் அவருடைய நினைவுகள் தொடராக வெளிவந்தன. அவரும் 1915இல் இறந்தார். கொடியோர் கூட்டம் எனக் கருதப்பட்ட தம் தோழர்களைப் பற்றிய மதிப்பீடு மாறுவதற்கு அந்நினைவுகள் வழிவகுத்தன.

மூன்று வழிகளுக்கும் பொதுவான குறைபாடு ஒன்று உண்டு. பதவி கடந்தகாலத்தை மறைத்தது. மௌனம் அதைப் புதைத்தது. நினைவு தோழர்களைப் போற்றியது. கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு விடை கூறும் இடம் இவற்றுள் எதிலும் இல்லை.

கொல்லப்பட்டோரின் மக்கள்

தொக்குகாவாக் காலத்தில் பெற்றோரைக் கொன்றவரைத் தேடிக் கொல்லுதல் சாமுராய்க்கு உரிமையும் கடமையும் ஆகும். உரிய முறையில் பதிவு செய்துகொண்டால் அது குற்றமாகாது. சகுமா ஷோசான் கொல்லப்பட்டதும் மத்சுஷிரோச் சிற்றரசு அவர் குடும்பத்தின் சாமுராய்த் தகுதியைப் பறித்தது. அவருடைய மகன் கக்குஜிரோ தந்தையின் பழியைத் தீர்க்கும் பொருட்டு வேறு பெயரில் ஷின்சென்குமியில் சேர்ந்தார். பழிதீர்க்க இயலாமலே அப்படையிலிருந்து விலகினார். மெய்ஜிக் காலத்தில் நீதித்துறையில் பணியாற்றினார். தந்தையைக் கொன்றவர் வேறொரு காரணத்துக்காகத் தூக்கியெறியப்பட்ட நாட்டில், மகன் சட்டத்தின் அலுவலர் ஆனார்.

1873 பிப்ரவரியில் அரசு பழிவாங்கும் கொலையைத் தடைசெய்தது. தண்டிக்கும் உரிமை அரசுக்கு மட்டுமே உரியது என்னும் கொள்கை நவீனச் சட்டத்தின் அடிப்படை. அதில் குறைகாண இடமில்லை. குடும்பத்திடமிருந்து உரிமையைப் பெற்றுக்கொண்ட அரசு, அவ்வுரிமையோடு இணைந்த கடமையையும் ஏற்றதா என்பதே வினா. அதற்கான விடை உசுய் ரொகுரோவின் வழக்கில் உள்ளது.

கியூஷூவின் அகிஸுகிச் சிற்றரசின் உயர் அலுவலர் உசுய் வதாரியும் அவர் மனைவியும் 1868இல் இரவில் தம் வீட்டில் கொல்லப்பட்டனர். கொன்றவர் அச்சிற்றரசின் இளம் தீவிரவாத அணியினர். சிற்றரசு அவர்களைத் தண்டிக்கவில்லை. கொலையாளிகளுள் ஒருவரான இச்சினோசே நவோஹிசா புதிய அரசில் நீதிபதியாக உயர்ந்தார். சிறுவனாக இருந்த மகன் ரொகுரோ வளர்ந்து, தோக்கியோவுக்கு வந்து, 1880 டிசம்பரில் இச்சினோசேயைக் குறுவாளால் கொன்றுவிட்டுத் தானே காவல்துறையிடம் சரணடைந்தார். 1881இல் அவருக்கு ஆயுள் சிறை விதிக்கப்பட்டது. 1889இல் அரசியலமைப்பு அறிவிக்கப்பட்டதை ஒட்டிய தண்டனைக் குறைப்பால் 1891இல் விடுதலை பெற்றார். ஜப்பானின் இறுதிப் பழிவாங்கல் என அறியப்படுவது இந்நிகழ்வே.

முன்னாள் கொலையாளி நீதிபதியாக அமர்ந்திருக்க, கொல்லப்பட்டவரின் மகன் குற்றவாளிக் கூண்டில் நின்றார். சட்டப்படி இதில் முறைகேடு இல்லை. 1880இல் நடந்தது கொலைதான். ஆயினும் 1868இல் நடந்ததும் கொலைதான் என்று கூறும் மன்றம் அந்நாட்டில் இருக்கவில்லை. இச்சினோசே பெற்றிருந்த அமைதி, கேட்க வேண்டியவர் கேட்க வழியில்லாமையால் கிடைத்த அமைதி.

படக்கதை தரும் விடை

‘ருரோனி கென்ஷின்’ இவ்வெற்றிடத்திலேயே தன் கதையை நிறுத்துகிறது. அது தேர்ந்துகொண்ட 1878ஆம் ஆண்டு, வாள் தடை வந்து ஈராண்டும் சத்சுமா கிளர்ச்சி முடிந்து ஓராண்டும் ஆன காலம். அவ்வாண்டு மே 14இல் அரசின் முதன்மைத் தலைவர் ஒகுபோ தொஷிமிச்சி தோக்கியோவில் முன்னாள் சாமுராய்களால் கொல்லப்பட்டார். கதையும் இந்நிகழ்வைத் தன்னுள் சேர்த்துக்கொள்கிறது. வாளுக்குப் பொது நோக்கம் எதுவும் எஞ்சாத நிலையில், வாள் ஏந்தியவனின் கடன் மட்டும் எஞ்சியுள்ள காலம் அது.

கென்ஷின் ஏந்துவது ‘சகபாத்தோ’ என்னும் மறுவிளிம்பு வாள். வழக்கமான ஜப்பானிய வாளில் வெளிவளைவில் கூர் அமையும். இவ்வாளில் கூர் உள்வளைவில், ஏந்துபவரை நோக்கி அமைகிறது. எதிராளியைத் தாக்குவது மழுங்கிய பக்கம். இது ஆசிரியரின் கற்பனை. வாளை முற்றிலும் துறந்தவன் துறவி. வாளை முன்போல் ஏந்துபவன் கொலையாளி. கென்ஷின் இரண்டும் அல்லன். தன் திறனை விட்டொழிக்க இயலாதவன் அதன் கூரைத் தன்மீதே திருப்பிக்கொள்கிறான். வாள் தடை ஆணையின்படி இதுவும் குற்றமே. எனவே அவனுடைய நோன்பு அரசின் சட்டத்துக்கு வெளியே நிகழ்கிறது.

அவனுக்குப் புகலிடம் தரும் கமியா கவோருவின் பயிற்சிக்கூடம் ‘உயிர் தரும் வாள்’ என்னும் கொள்கையைப் போற்றுகிறது. யக்யூ முனெனோரி 1632இல் இயற்றிய வாட்கலை நூலில் இடம்பெறும் பழைய கருத்து இது. தீயவன் ஒருவனைக் கொல்வதால் பலர் உயிர் பெறுவர். ஆகவே கொல்லும் வாளே உயிர் தரும் வாள் ஆகும் என்பது அங்குள்ள வாதம். கியோத்தோவின் ‘வானின் தண்டனை’க் கொலைகளும் ஏறத்தாழ இவ்வாதத்தையே சார்ந்திருந்தன. கவோருவின் பள்ளி இக்கொள்கையின் பெயரை ஏற்று, பொருளை மாற்றுகிறது: எவரையும் கொல்லாமல் காப்பதே அவள் கருதும் உயிர் தரும் வாள். வாள் கொலைக்கருவியே எனக் கென்ஷின் நன்கு அறிந்தவன். எனினும் அவளுடைய கனவையே மேலானதாகக் கொள்கிறான். தன்னைக் கொலையாளி ஆக்கிய வாதத்தை அவன் கைவிடும் இடம் இதுவே.

கதையின் மையம் கென்ஷினின் கன்னத்தில் உள்ள குறுக்குத் தழும்பு. ஒரு கோடு, அவன் கொன்ற இளைஞன் இறக்கும் தறுவாயில் இட்டது. மறுகோடு, அவ்விளைஞனுக்கு மணம் பேசப்பட்டிருந்த தொமோயே இட்டது. பழிதீர்க்க வந்த அவள் அவன்பால் அன்புகொண்டு மனைவியானாள். ஒரு சண்டையில் தற்செயலாக அவன் வாளுக்கே இரையானாள். பின்னாளில் அவளுடைய தம்பி எனிஷி பழிவாங்க வருகிறான். உசுய் ரொகுரோவின் நிலைக்கு ஒப்பான நிலை இது. எனிஷியின் கோரிக்கை தவறு என்று கென்ஷின் ஒருபோதும் வாதிடுவதில்லை. புரட்சியின் பெயராலோ கட்டளையின் பெயராலோ தன்னைக் காத்துக்கொள்வதில்லை. உயிரைக் கொடுப்பதால் கடன் தீராது, வாழ்ந்து பிறரைக் காப்பதே தீர்வு என்னும் முடிவுக்கு அவன் வந்து சேர்கிறான். இங்குக் கொல்லப்பட்டவரின் உறவினர் தம் குரலை முழுமையாக எழுப்ப இடம் கிடைக்கிறது. மெய்ஜி நீதிமன்றம் அளிக்காத மன்றத்தைக் கதை அளிக்கிறது எனலாம்.

இருப்பினும் இவ்விடை முழுமையானதன்று. கென்ஷினுக்குப் பின் அதே பணியை ஏற்ற ஷிஷியோ மகோத்தோவை, மறைவான செய்திகளை அறிந்தவன் என்பதற்காகத் தன் அணியினரே சுட்டு எரித்தனர் எனக் கதை கூறுகிறது. அவனை ஒழிக்குமாறு ஒகுபோவே கென்ஷினை வேண்டுகிறார். அரசு தன் பழைய கருவியைக் கொண்டு மற்றொரு பழைய கருவியை அழிக்க முற்படுவதைக் கதை தெளிவாகக் காட்டுகிறது. ஆயின் அவ்வரசைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதில்லை. ஷிஷியோ தீயவனாக வீழ்கிறான். அவனை எரித்தவர்களின் பொறுப்பு பேசப்படாமல் நின்றுவிடுகிறது. தனிமனிதனின் நோன்பு எத்துணை உயர்வாகச் சித்திரிக்கப்படுகிறதோ, அத்துணை எளிதாக ஏவியவர் பார்வையிலிருந்து விலகிவிடுகின்றனர். தகேச்சிக்குப் பட்டமும் இசோவுக்குத் தலைவெட்டும் வழங்கிய வரலாற்றின் சாயல் கதையிலும் படிந்துள்ளது.

முடிவுரை

மெய்ஜி ஜப்பானில் முன்னாள் கொலைவாளர் பெற்ற அமைதி, அவர்கள் மனம் திருந்தியதைப் பொறுத்து அமையவில்லை. புதிய அரசுக்கு அவர்கள் பயன்பட்டார்களா, இடையூறாக இருந்தார்களா என்பதைப் பொறுத்தே அமைந்தது. பயன்பட்டோர் தளபதியாகவும் காவலராகவும் நீதிபதியாகவும் ஆயினர். கென்சாய் போன்று இடையூறாக நின்றோர் அழிக்கப்பட்டனர்.

அரசு 1873இல் பழிவாங்கும் உரிமையை நீக்கியதில் முறைமை உண்டு. அவ்வுரிமைக்கு மாற்றாக விசாரணையை வழங்காமல் விட்டதில் முறைமை இல்லை. அதன் விளைவை 1880இல் ஒரு நீதிபதியின் சாவும் ஓர் இளைஞரின் சிறைவாழ்வும் காட்டின.

‘ருரோனி கென்ஷின்’ வரலாற்றுக் கென்சாய்க்குக் கிட்டாத அமைதியைத் தன் தலைவனுக்கு வழங்குகிறது. அவன் கவோருவை மணந்து, மகனைப் பெற்று, மறுவிளிம்பு வாளை இளைய மாணவன் யாஹிகோவிடம் ஒப்படைக்கிறான். அவ்வமைதியை அவன் மறதியால் பெறவில்லை. தன்னால் இழப்புற்றவரின் முன் நின்று, அவர் கூற்றை முழுதும் கேட்டபின் பெற்றான் என்பதே கதையின் வலிமை. அவனை ஏவியவர்களும் அவ்வாறு நிற்க வேண்டும் எனக் கேளாமை அதன் எல்லை. ஆட்சி மாற்றங்களுக்குப் பிந்தைய நீதி பற்றிய ஆய்வுகளில் இத்தகைய வெகுமக்கள் படைப்புகளை, அவை கேட்கும் வினாக்களுக்காகவும் கேளாது விடும் வினாக்களுக்காகவும் ஒருசேரப் படிக்க வேண்டியுள்ளது.